வரிசையில் நின்றவர்களும் வாய்க்கால் தாண்டியவர்களும்

போன வாரம் பயிற்சி வகுப்பின் நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "கொரோனா சமயத்துல அவ்ளோ பேருக்கு டெஸ்ட் எடுத்தீங்களே மேடம், உண்மையிலயே அதனால ஏதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சா?" நான் சிரித்து, "இல்லாமயா பின்ன" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அது மழுப்பல். முப்பத்திரண்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியனாக இருந்துவிட்டு, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் மழுப்பக் கூடாது. அதனால் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த நேரம். புரட்டாசி. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் நிலையத்துக்குத் தினமும் நூறு சளி மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. காலையில் நூறு குச்சி, நூறு குழாய் வரும். மாலை நான்கு மணிக்கு ஐஸ் பெட்டியில் அடுக்கி ஜீப்பில் ஏற்றினால், மாவட்டத்தின் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வர மூன்று நாள், சில சமயம் நான்கு நாள்.

நான் வேகமானவள். யாரிடம் கேட்டால் மறுக்காமல் மூக்கைக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் ஓட மாட்டார்கள். அதனால் ரேஷன் கடை, வங்கி வாசல், பேருந்து நிலையம் என்று போய் நிற்பேன். பதினொரு மணிக்குள் எழுபது முடித்துவிடுவேன். எங்கள் வட்டாரத்தில் சோதனை அதிகம், தொற்று குறைவு. மாவட்ட அதிகாரிகள் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். நோய் எங்கள் பக்கம் பெரிதாக வரவில்லை என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அன்றும் அப்படித்தான். ரேஷன் கடை வரிசையில் எழுபது பேரை முடித்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பி, முகக் கவசத்தைக் கழற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவரை, ஓட்டிவந்தவர் தன் இடுப்போடு துண்டால் கட்டியிருந்தார். அவிழ்த்ததும் அவர் அப்படியே சரிந்தார்.

பெயர் செல்வராஜ், நாற்பது வயது இருக்கும். மூச்சு வாங்கிற்று. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினால், தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்து நான்கு காட்டியது. எங்கள் டாக்டர் அப்போதுதான் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆன பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆக்சிஜன் வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னார். பிறகு குனிந்து கேட்டார்.

"யார் யார் கூட இருந்தீங்க இந்த ஒரு வாரத்துல?"

"யாரு கூடயும் இல்லைங்க. வூட்லயேதான் கெடந்தேன்."

சட்டை முழுக்க நெல் சுணை. தோள்பட்டையில் சாக்கு உரசிய தடம் புதிதாகச் சிவந்திருந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் லோடுமேன் என்று பார்த்தாலே தெரிந்தது. டாக்டர் மறுபடி மறுபடி அதையே கேட்டார். அவரும் அதையே சொன்னார். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. பத்து நாளுக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பால்காரர் போகவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றும்போது நான் பக்கத்தில் போய், "மதியம் சாப்பாடு எங்க சாப்புடுவீங்க?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது.

"மூட்ட அடுக்குற செட்டுலதாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டி." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டார். வண்டிக் கதவு சாத்துவதற்குள் என் கையைப் பிடித்தார். "நர்சம்மா, சாக்கு அட்டிக்குப் பின்னால ரெண்டு பேரு படுத்துருக்காங்க. என்ன மாதிரிதான் இழுக்குது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவங்கள பாருங்க."

நான் நர்சு இல்லை. அதைத் திருத்த அது நேரமும் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "எத்தன கிட் இருக்குக்கா?"

"முப்பது."

"முப்பதா?"

எழுபதைக் காலையிலேயே நன்றாக இருப்பவர்களின் மூக்கில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கொள்முதல் நிலையம் வெண்ணாற்றங்கரையை ஒட்டி நான்கு கிலோமீட்டர். ஜீப்பில் போகும்போதே மேற்கே வானம் கறுத்திருந்தது. போய்ச் சேருவதற்குள்ளேயே நான் வெள்ளை உடையை முழுக்க மாட்டிக்கொண்டேன். தலை முதல் கால் வரை. நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன். நீங்கள் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஊருக்குள் உங்கள் முகத்தோடு போங்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த பிறகு உடையை மாட்டிக்கொள்ளலாம்.

ஜீப்பிலிருந்து நான் இறங்கியதும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் முதுகில் இருந்த மூட்டையைக் கீழே போட்டார். அடுத்த நொடி மூன்று பேர் பின்பக்கம் ஓடினார்கள். வாய்க்காலைத் தாண்டி, மூங்கில் தோப்பு வழியாகப் போனதைப் பார்த்தேன். அவர்களில் கடைசியாகப் போனவர் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். பச்சைச் சட்டை. துரத்திப் போக எங்களிடம் யாரும் இல்லை.

மூட்டைகளை உயரமாக அடுக்கியிருந்த அட்டிக்குப் பின்னால் செல்வராஜ் சொன்ன இரண்டு பேரும் சாக்கை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவருக்கு வெறும் காய்ச்சல். காளிமுத்து என்ற பெரியவருக்கு மூச்சு மோசம். அவரை எங்கள் ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினோம். மீதி இருந்த லோடுமேன்கள் பதினைந்து பேர். எல்லாரும் இரவில் அந்த ஒரே கொட்டகையில் படுப்பவர்கள்.

அதற்குள் விவசாயிகள் சூழ்ந்துவிட்டார்கள். களத்தில் குவியல் குவியலாக நெல். பத்து நாள், பன்னிரண்டு நாள் காத்திருக்கிறவர்கள். டாக்டர் உரக்கச் சொன்னார்: "இவங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் நிலையத்த மூடணும்."

ஒரே கூச்சல். "மூடறதா? வானத்தப் பாத்தீங்களா?" "நெல்லு மொளச்சிடும்ங்க!" பட்டியல் போடும் எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்து, தனக்கு மேலிடத்து உத்தரவு இல்லாமல் மூட முடியாது என்றார். ஒருவர் ஜீப் வந்த பாதையில் மாட்டு வண்டியை இழுத்துக் குறுக்கே நிறுத்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். விஜயா என்று பிறகு தெரிந்தது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், திரும்ப விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். விதைத்தது முதல் அறுத்தது வரை அந்த அம்மாள் தனி ஆள். என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஒங்க குச்சிய மூக்குல வுட்டா என் நெல்லு காயுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டார்.

"ரிசல்ட்டு எப்ப வரும்?"

"மூணு நாள் ஆகும்மா."

"மூணு நாளு கழிச்சித் தெரிஞ்சி என்ன பண்ணப் போறீங்க? இவங்களுக்கு இருக்குன்னுதான வந்துருக்கீங்க? இன்னிக்கி என்ன பண்ணணும், அதச் சொல்லுங்க."

அவர் கோபத்தில்தான் கேட்டார். ஆனால் டாக்டர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். தார்ப்பாய் போட்ட மூட்டைகளையும் வானத்தையும் பார்த்தார். அவர் வயது என் மகளைவிடக் குறைவு. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சரி. நிலையத்த மூடல" என்றார். "ஆனா இந்தப் பதினஞ்சு பேரும் இனிமே ஒரு மூட்டையத் தொடக் கூடாது. ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கப் போறதில்ல. இவங்களுக்கு இருக்குன்னு வச்சிக்கிட்டு இப்பவே பள்ளிக்கூடத்துல தனியா வைக்கிறோம். அவங்கவங்க நெல்ல அவங்கவங்க வூட்டு ஆளே தூக்கி எடை போடுங்க. ஒரு நேரத்துல ஒரு குடும்பம். மத்தவங்க வரப்புக்கு அந்தாண்ட நிக்கணும்."

எழுத்தர் இழுத்தார். மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்றார். "நான் சொன்னேன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார் டாக்டர். அங்கேயே, மூட்டை மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தார். அப்படி ஓர் உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லோடுமேன்கள்தான் நகரவில்லை. அவர்களில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்கு வர்றோம் டாக்டரம்மா. எங்க வூட்டுக்கு அரிசி யாரு போடுவா? எங்க தெருவுலயும் தகரம் அடிப்பீங்க. எங்க புள்ளைங்கள கொழாயில தண்ணி புடிக்க வுட மாட்டாங்க. நாங்க எதுக்கு மூக்கக் காட்டணும்?"

டாக்டர் ஊராட்சித் தலைவரான அம்மாளுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். எல்லார் காதிலும் விழும்படி பேசினார். அரிசியும் பருப்பும் அன்று சாயங்காலத்துக்குள் பதினைந்து வீட்டுக்கும் போக வேண்டும், தகரம் கிடையாது, பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்றார். தலைவர் சரி என்றார். "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா" என்றார் லோடுமேன். தலைவர் இன்னொரு தரம் சொன்னார். அதன் பிறகுதான் முதல் ஆள் வந்து என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதினைந்து பேர் முடிந்தது. காய்ச்சலோடு படுத்திருந்தவர் பதினாறு. கையில் பதினான்கு மிச்சம். இப்போது வேடிக்கை பாருங்கள். இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த விவசாயிகள், "எனக்கும் எடுங்க, எனக்கும்" என்று நெருக்கினார்கள். பயம் அந்தப் பக்கமும் வந்துவிட்டது. யாருக்கு எடுப்பது? டாக்டர் என்னிடம் விட்டார். எழுத்தர், காவலர், கொட்டகைக்கு டீ கொண்டுவரும் அம்மாள் ஆகியோருக்கு எடுத்தேன். பிறகு அறுப்பு மெஷினோடு வந்திருந்த சேலத்துக்காரர்கள் ஐந்து பேருக்கு எடுத்தேன். மறுநாள் அவர்கள் வேறு ஊருக்கு மெஷினைக் கொண்டுபோகிறவர்கள். நகர்கிறவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. மீதி ஆறையும் அந்தக் கொட்டகையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதாகத் தாங்களே வந்து சொன்ன ஆறு பேருக்கு எடுத்தேன். மற்றவர்களை வீட்டிலேயே இருங்கள், காய்ச்சல் வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். திட்டிக்கொண்டே போனார்கள்.

மூன்றே முக்காலுக்கு எங்கள் சுகாதார நிலையத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். காலையில் அடுக்கிய எழுபது குழாயும் மேலே வரிசையாக இருந்தன. பெரிய ஆய்வகத்துக்குப் போன் போட்டு, கொள்முதல் நிலையத்து மாதிரிகளை முதலில் பாருங்கள் என்று கெஞ்சினேன். "நாலு மாவட்டத்துலேருந்து வந்து குவியுது மேடம். வர்ற வரிசைலதான் போட முடியும். நீங்களே நூறு நூறா அனுப்புறீங்க, நாங்க என்ன பண்றது?" என்றார் எதிர்முனையில் இருந்தவர். குரலில் தூக்கமில்லாத அலுப்பு. அவர் என்னைக் குத்திக்காட்ட அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. பல நாளாக என் நூறுகளே அங்கே மற்றவர்களின் வழியை அடைத்துக்கொண்டிருந்தன.

எழுபதையும் வெளியே எடுத்து எங்கள் குளிர்பெட்டியில் வைத்தேன். முப்பது குழாயை மட்டும் சிவப்பு மையில் தனிப் பட்டியல் எழுதி அனுப்பினேன். மறுநாளும் புதிய மாதிரி எடுக்கக் கிளம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களை மணிக்கொரு தரம் விரலில் கருவி வைத்துப் பார்த்தோம். மேலிடத்திலிருந்து, "என்னம்மா, முப்பதுதான் வந்துருக்கு? ஒங்க வட்டாரமா இப்படி?" என்று போன் வந்தது. "ஆமா சார், முப்பதுதான்" என்றேன். விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது.

கொள்முதல் நிலையத்துக்குப் போன அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. இரவு முழுக்கப் பெய்தது. எடை போட்டவர்களின் மூட்டை தார்ப்பாய்க்குள் தப்பித்தது. விஜயா பாதியைத்தான் தூக்க முடிந்திருந்தது. மீதி நனைந்தது. இரண்டு நாள் கழித்து ஜீப்பில் போகும்போது, தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கிளறத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. லோடுமேன்கள் பதினாறு பேரில் பதினொருவருக்குத் தொற்று. அறுப்பு மெஷின்காரர்களில் இரண்டு பேர். டீ கொண்டுவந்த அம்மாள். மெஷின்காரர்களையும் டீ அம்மாளையும் அன்றே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்ததால், அவர்கள் எல்லாரும் அப்போது ஏற்கெனவே தனியாகத்தான் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஆக்சிஜன் இறங்கியதை முடிவு வருவதற்கு முன்பே விரல் கருவியில் கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். எல்லாரும் பிழைத்தார்கள். காளிமுத்து பிழைத்தார். செல்வராஜும் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். கண்டபடி எல்லாருக்கும் எடுக்காதே, நோய் இருக்கும் இடத்தைத் தேடிப் போ என்று. ஆனால் நான் தள்ளிவைத்துப் பிறகு அனுப்பிய எழுபதின் முடிவு ஆறாம் நாள் வந்தது. அதில் ஒருவருக்குத் தொற்று. மும்தாஜ் என்ற பெண். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அன்று ரேஷன் வரிசையில் நிற்காவிட்டால் உலகத்தில் யாரும் அவருக்குச் சோதனை செய்திருக்க மாட்டார்கள். மகளுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். மருமகன் துபாயில். தினமும் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது அவர்தான். நான் போனில் சொன்னேன். அவர் உடனே கேட்டார்: "டெஸ்ட் எடுத்து ஆறு நாளாச்சேம்மா. முன்னாடியே சொல்லிருந்தா புள்ளயத் தொட்டுருக்க மாட்டேனே?"

அவர் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை நான் எழுதியிருப்பேனா என்று தெரியாது.

எனவே, பிரயோஜனம் இருந்ததா என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான். இருந்தது. அந்தப் பெண்ணை எழுபது பேரின் மூக்கில் குச்சி விட்டதால்தான் கண்டுபிடித்தோம். ஆனால் சீக்கிரம் சொல்ல முடியாத முடிவும், சொன்ன பிறகு அந்த வீட்டுக்கு அரிசி போடாத ஊரும் சேர்ந்தால், எத்தனை ஆயிரம் எடுத்தாலும் அது வெறும் எண்தான். இருப்பது முப்பதா மூவாயிரமா என்பது உங்கள் கையில் இல்லை. அதை யாரிடம் கொண்டுபோகிறீர்கள், எப்படிப் போய் நிற்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஓடிப்போன மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு பேர் மறுநாளே திரும்பிவந்தார்கள். வீடுகளுக்கு அரிசி போய்ச் சேர்ந்தது தெரிந்து வந்தார்கள். பச்சைச் சட்டைக்காரர் வரவில்லை. சேகர் என்று பெயர். கோடியக்கரை போகிற வழியில், உப்பளத்துப் பக்கம், அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறிப் போய்விட்டார். அக்காவின் கணவர் மஸ்கட்டில் வேலை போய் அந்த மாதம்தான் திரும்பியிருந்தார். சர்க்கரை நோய்க்காரர். விமான நிலையத்தில் ஒரு முறை, தனிமையில் இருந்தபோது ஒரு முறை என்று இரண்டு தடவை சோதித்து, தொற்று இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சேகருக்கு அங்கே காய்ச்சல் வந்து போனது; அவர் போய்ப் பதினைந்தாம் நாள் அக்காவின் கணவர் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

ஐப்பசி முடியும் சமயத்தில் சேகரின் ஊரில் காய்ச்சல் முகாம் போட்டோம். இந்தத் தடவை நான் சேலையோடுதான் இறங்கினேன். மதியம் கூட்டம் குறைந்த பிறகு ஓர் ஆள் வேப்ப மரத்தடியில் நிற்பதைப் பார்த்தேன். கூப்பிட்டதும் வந்தார்.

"நீங்கதான அன்னிக்கி வெள்ளை உடுப்புல வந்தது?"

"ஆமா."

"அன்னிக்கி நான் ஓடாம நின்னுருந்தா எங்க மச்சான் இருந்துருப்பாராங்க?"

இருந்திருப்பார் என்று சொல்லவும் மனம் வரவில்லை, உன்னால் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "தெரியலப்பா" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கிக் காலைல நான் ரேஷன் கட வாசல்ல நிக்காம ஒங்க செட்டுக்கு வந்துருக்கணும். வந்தும் பேய் மாதிரி வந்து நின்னேன். நீயா மட்டும் ஓடல. நாங்களும்தான் ஒன்ன வெரட்டுனோம்."

அவர் முகக் கவசத்தைக் கீழே இறக்கினார். "எனக்கு எடுங்க" என்றார்.

அவருக்குக் காய்ச்சல் வந்து போய் மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எடுத்து எந்தப் பயனும் இல்லை. அது எனக்குத் தெரியும். முகாமுக்கு வந்த கிட்டுகளும் கொஞ்சம்தான். பக்கத்தில் இருந்த டாக்டர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் உறையைப் பிரித்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, அசையாமல் மூக்கைக் காட்டினார். குச்சி உள்ளே போனால் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். குச்சியை எடுத்து, குழாயில் போட்டு, மூடி, பெயர் எழுதி ஒட்டிய பிறகும் அவருக்கு அது நிற்கவில்லை. அடுத்து நின்றவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கும் வரை காத்திருந்தேன்.